கண்ணாடிமேல் படிந்த பொன்

மைக்கேல் ஃபாரடே என்ற பெயரைக் கேட்டதும் கம்பிச் சுருளுக்குள் நுழையும் காந்தம்தான் நம் நினைவுக்கு வருகிறது. 1831-ஆம் ஆண்டின் அந்தச் சோதனையிலிருந்தே மின்னாக்கியும் மின்மாற்றியும் பிறந்தன. பள்ளிப் பாடநூல்கள் அவரை அந்த ஓர் ஆண்டோடு நிறுத்திவிடுகின்றன. அதற்குப் பிறகு அவர் 36 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த ஆண்டுகளில், நினைவாற்றல் குன்றிவந்த 65-ஆம் வயதில், அவர் கண்ணாடிமேல் பொன்னை மெல்லிய படலமாகப் படியவைத்து அதன்வழியே ஒளியைச் செலுத்திப் பார்த்தார். அந்த ஆய்வு எந்த விதியையும் தரவில்லை. எந்த எந்திரத்தையும் இயக்கவில்லை. ஆனால், நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசிக்குள் இன்று வேலை செய்யும் ஓர் அறிவியலின் முதல் ஏடு அதுதான் என்று நான் கருதுகிறேன். ஃபாரடேயின் வாழ்க்கையை மின்சாரத்தின் வழியே பலர் எழுதிவிட்டனர். கண்ணாடியின் வழியேயும் பொன்னின் வழியேயும் அதைச் சொல்லிப் பார்ப்பதே என் நோக்கம்.

அவர் 1791 செப்டம்பர் 22 அன்று லண்டனின் தென்புறத்தில் பிறந்தார். தந்தை கருமான்; உடல்நலம் குன்றியவர். எழுதப் படிக்கவும் சிறிது கணக்குப் போடவும் கற்றதோடு பிள்ளையின் பள்ளிப்படிப்பு முடிந்தது. 14 வயதில், பிளாண்ட்ஃபோர்டு தெருவில் ஜார்ஜ் ரீபோ என்பவர் நடத்திய புத்தகக் கடையில், நூல்களுக்கு அட்டை கட்டும் தொழிலில் ஏழாண்டுப் பயிற்சிக்குச் சேர்ந்தார். தோல் அட்டையில் தங்க ரேக்கு ஒட்டித் தலைப்பு பொறிப்பது அந்தத் தொழிலின் வழக்கம். தஞ்சாவூர் ஓவியங்களைப் பார்த்தவர்களுக்குத் தங்க ரேக்கைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மூச்சுக் காற்றில் பறந்துவிடும் அளவுக்கு மெலிதானது. ஆனாலும் முழுப் பொன்னின் பளபளப்பும் உடையது.

கட்டுவதற்கு வந்த நூல்களை அவர் கட்டியதோடு நிற்கவில்லை; படிக்கவும் செய்தார். பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையார் வேதியியல் பற்றி உரையாடல் வடிவில் எழுதிய நூலும் அவரை இழுத்தன. 1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளுக்கு நுழைவுச் சீட்டு தந்தார். கேட்டவற்றைக் குறிப்பெடுத்து, படங்கள் வரைந்து, தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார் ஃபாரடே. 1813 மார்ச்சு மாதம் வாரம் 25 ஷில்லிங் ஊதியத்தில், மாடியில் இரண்டு அறைகளோடு, ஆய்வுக்கூட உதவியாளர் பணி கிடைத்தது. அடுத்த சுமார் 45 ஆண்டுகளுக்கு அந்தக் கட்டடமே அவருடைய வீடாகவும் பணியிடமாகவும் இருந்தது.

தொடக்க ஆண்டுகளில் அவர் செய்த ஒரு வேலை நமக்கு நெருக்கமானது. தென்னிந்தியாவிலிருந்து சென்ற, ‘உருக்கு’, ‘உக்கு’ என்னும் சொற்களோடு ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகிற ‘வூட்ஸ்’ எஃகைப் பகுத்தாய்ந்து 1819-இல் அவர் கட்டுரை வெளியிட்டார். பிறகு, கத்தி செய்வதில் வல்லவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவருடன் சேர்ந்து, அந்த எஃகை உருக்கியும் அடித்தும் அமிலத்தில் நனைத்தும் பார்த்தார். மெருகேற்றிய பரப்பில் நீரலைபோல் தோன்றும் வரிகளுக்குக் காரணம் உலோகத்துக்குள் இருக்கும் படிக அமைப்பே என்றும், சம்மட்டி அடியில் அந்தப் படிகங்கள் நீண்டும் வளைந்தும் போவதே வரிகளாகத் தெரிகிறது என்றும் இருவரும் கருதினர். எஃகின் சிறப்புக்கு அலுமினாவும் சிலிக்காவும் காரணம் என்ற அவருடைய கணிப்பு பிழையானது. கரிமத்தின் பங்கு பின்னரே தெளிவாயிற்று. ஆனால், உலோகம் என்பது எங்கும் ஒரே சீரான பொருள் அன்று, அதற்குள் படிகங்கள் இருக்கின்றன, அவற்றைச் செய்முறையே ஒரு திசைக்குத் திருப்புகிறது என்ற எண்ணம் அவர் மனத்தில் அன்றே பதிந்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து வந்தது கண்ணாடி. தொலைநோக்கிகளுக்குக் குறையற்ற கண்ணாடி தயாரிக்க ராயல் சொசைட்டியும் தீர்க்கரேகை வாரியமும் 1820-களில் கூட்டுக் குழு ஒன்றை அமைத்தன. கண்ணாடியை உருக்கிச் செய்து பார்க்கும் பொறுப்பு ஃபாரடேயின் தலையில் விழுந்தது. மின்காந்தச் சுழற்சியை 1821-இலேயே கண்டறிந்து, அடுத்த படியை நோக்கிக் காத்திருந்த ஒருவரின் ஆண்டுகளை உலை விழுங்கியது. உலையைக் கவனிக்கச் சார்லஸ் ஆண்டர்சன் என்ற முன்னாள் இராணுவ சார்ஜெண்ட் வேலைக்கு வைக்கப்பட்டார். ஒரு நாள் மாலை அவரை வீட்டுக்குப் போகச் சொல்ல ஃபாரடே மறந்துவிட்டதாகவும், மறுநாள் காலை வந்து பார்த்தபோது ஆண்டர்சன் இன்னும் உலைக்குக் கரி போட்டுக்கொண்டிருந்ததாகவும் சொல்வதுண்டு. ஆண்டர்சன் 1866-இல் இறக்கும்வரை ஃபாரடேயின் ஒரே நிரந்தர உதவியாளராக இருந்தார்.

அந்தக் கண்ணாடி முயற்சி, எதிர்பார்த்த தொலைநோக்கிகளைத் தரவில்லை. ஈயமும் போரானும் கலந்த கனத்த கண்ணாடித் துண்டுகள் சில மிஞ்சின. 1845 செப்டம்பரில் அவற்றுள் ஒன்றை வலிமையான மின்காந்தத்தின் அருகே வைத்து, அதனூடே முனைவாக்கிய ஒளியைச் செலுத்தினார் ஃபாரடே. ஒளியின் அதிர்வுத் தளம் திரும்பியது. காந்தத்துக்கும் ஒளிக்கும் உறவு உண்டு என்பதற்கு அதுவே முதல் சான்று. வீணானதாகக் கருதப்பட்ட உழைப்பு, 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மேசை இழுப்பறையிலிருந்து எழுந்து வந்து பயன்பட்டது.

கண்ணாடி என்பது என்ன? உருகிய பொருள் குளிரும்போது அதன் அணுக்கள் வரிசையில் அமர்ந்தால் படிகம் கிடைக்கிறது. உப்பு, கற்கண்டு, வைரம், பொன் எல்லாம் படிகங்களே. வரிசையில் அமர நேரம் கிடைக்காமல், நின்ற நின்ற இடத்திலேயே உறைந்துபோன அணுக்களின் கூட்டமே கண்ணாடி. பக்கத்து அணுவோடு உறவு உண்டு. ஆனால், தொலைவிலுள்ள அணுவோடு ஒழுங்கு இல்லை. எனவே, கண்ணாடிக்கு நீளவாட்டம், குறுக்குவாட்டம் என்று எதுவும் கிடையாது, எத்திசையும் ஒன்றே.

படிகம் அப்படிப்பட்டதன்று. அதற்குத் திசை உண்டு. இதை ஃபாரடே 1848-இல் தம் கண்ணாலேயே கண்டார். பிஸ்மத் உலோகத்தின் படிகம் ஒன்றை நூலில் கட்டிக் காந்த முனைகளுக்கு இடையே தொங்கவிட்டபோது, அது ஒரு குறிப்பிட்ட திசையில் திரும்பி நின்றது. படிகத்தின் வெளி வடிவம் எதுவானாலும், உள்ளே இருக்கும் அமைப்பே அந்தத் திசையைத் தீர்மானித்தது. ஒழுங்கின்றிக் கலந்து கிடக்கும் சிறு மணிகளால் ஆன பிஸ்மத் கட்டியில் அந்த விளைவு தேய்ந்துபோனது. ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு திசையில் இழுக்க, இழுப்புகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. இந்த எளிய உண்மையில்தான் நான் சொல்லவரும் அறிவியல் முழுதும் அடங்கியிருக்கிறது. கோடிக்கணக்கான படிக மணிகளால் ஆன ஒரு பொருளில், மணிகள் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றனவா, திக்குக்கு ஒன்றாகக் கிடக்கின்றனவா என்பதைப் பொறுத்தே அந்தப் பொருளின் குணம் அமையும். இதை வல்லுநர்கள் ‘டெக்ஸ்ச்சர்’ என்கிறார்கள். தமிழில் திசையொழுங்கு என்று சொல்லலாம்.

இனி, பொன்னுக்கு வருகிறேன். 1856-இல் ஃபாரடே ஒரு கேள்வியோடு தங்க ரேக்கைக் கையில் எடுத்தார். ஒளி ஓர் அலை என்றால், அந்த அலையின் நீளத்தைவிடச் சிறிய பொருளின்மேல் படும்போது அதற்கு என்ன நேரும்? அடித்து மெலிதாக்கிய தங்க ரேக்கின் தடிமன் ஓர் அங்குலத்தின் ஏறத்தாழ 2,80,000-இல் ஒரு பங்கு. ஒளியலையின் நீளத்தைவிடப் பல மடங்கு குறைவு. எனவே, இந்தக் கேள்விக்குப் பொன்னைவிடப் பொருத்தமான பொருள் இல்லை என்று அவர் முடிவுசெய்தார்.

ரேக்கைக் கண்ணாடிமேல் ஒட்டி, வேதிக் கரைசலால் மேலும் மெலிதாக்கினார். பொன் கரைந்த நீரின்மேல் பாஸ்பரஸ் ஆவியைப் படரவிட்டு, நீர்ப்பரப்பில் ஆடைபோல் உருவாகும் படலத்தைக் கண்ணாடித் துண்டால் ஏந்தி எடுத்தார். பொன் கம்பியில் லேடன் சாடிகளின் மின்னாற்றலை ஒரே நொடியில் பாய்ச்சி, அதை ஆவியாக வெடிக்கச் செய்து, அருகில் வைத்த கண்ணாடிமேல் படியவிட்டார். உலோகத்தை ஆவியாக்கி வேறொரு பரப்பில் மென்படலமாகப் படியவைக்கும் இன்றைய தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதுவோர் இந்தச் சோதனையிலிருந்தே தொடங்குவது வழக்கம். படலங்களைத் தயாரிக்கும்போது கிடைத்த செந்நிற நீரையும் அவர் கொட்டிவிடவில்லை. அந்தச் சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பொன் துகள்களின் நிறம் என்று கண்டுகொண்டார். அந்தப் புட்டிகளில் சில இன்றும் நிறம் மாறாமல் லண்டனில் காட்சிக்கு உள்ளன.

அவருடைய சோதனைகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. தங்க ரேக்கை ஒளிக்கு எதிரே பிடித்தால் ஊடுருவி வரும் ஒளி பச்சையாகத் தெரியும். கண்ணாடிமேல் ஒட்டிய ரேக்கை, பொன் உருகும் வெப்பநிலைக்கு வெகு கீழேயே சூடேற்றினார் ஃபாரடே. பச்சை மறைந்தது, பளபளப்பு குன்றியது, ரேக்கு ஏறக்குறைய நிறமற்றதாக, ஒளி புகும் பரப்பாக மாறியது. பொன் எங்கும் போய்விடவில்லை, எடை குறையவில்லை. வழவழப்பான அகேட் கல்லால் அந்த இடத்தை அழுத்தித் தேய்த்தார். பச்சை மீண்டும் வந்தது. வெள்ளிப் படலத்திலும் இதைப் போன்ற மாற்றங்களைக் கண்டார்.

பொன் சுருங்கித் தனித்தனித் துளிகளாகத் திரண்டுவிட்டதோ என்று ஐயுற்றார். உறுதிசெய்ய அவர் காலத்து நுண்ணோக்கிக்குத் திறன் போதவில்லை. 1857 பிப்ரவரி 5 அன்று ராயல் சொசைட்டியின் பேக்கரியன் சொற்பொழிவாக இந்த ஆய்வைப் படித்தபோது, பார்த்தவை அனைத்தையும் வரிசையாகச் சொன்னார். இறுதி விடை இன்னதென்று சொல்லவில்லை. இல்லாத முடிவை இருப்பதாகக் காட்டவும் இல்லை.

இப்போது விடை தெரியும். அதைச் சொல்வதற்கு முன், கண்ணாடிமேல் ஓர் உலோகப் படலம் எப்படி வளர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஆவியாகப் பறந்து வரும் அணு கண்ணாடிமேல் விழுந்ததும் அங்கேயே ஒட்டிக்கொள்வதில்லை. வெப்பம் தரும் துள்ளலில் அங்கும் இங்கும் அலைகிறது. மற்ற அணுக்களைச் சந்திக்கும் இடத்தில் ஒரு கரு உருவாகிறது. அடித்தளம் ஒரு படிகமாக இருந்தால், அதன் அணு வரிசையே வந்து அமர்வோருக்கு அச்சாக இருந்து வழிகாட்டும். கோலத்துக்குப் புள்ளி வைத்துக் கொடுத்ததுபோல. கண்ணாடியில் அந்தப் புள்ளிகள் இல்லை. எனவே, ஒவ்வொரு கருவும் தன் விருப்பப்படி ஒரு திசையைத் தேர்ந்துகொள்கிறது. இங்கே முழுக்குழப்பமே மிஞ்சும் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆனால், அப்படி நடப்பதில்லை என்பதுதான் வியப்பு.

முதலாவது காரணம், சிக்கனம். பொன், வெள்ளி, அலுமினியம், செம்பு ஆகிய உலோகங்களில் அணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்ட தளம் ஒன்று உண்டு. அந்தத் தளம் வெளியே தெரியும்படி இருப்பதே மேற்பரப்பு ஆற்றலைக் குறைக்கும் வழி. ஆகவே, பெரும்பாலான மணிகள் அந்தத் தளத்தைக் கண்ணாடிக்கு இணையாக வைத்துப் படுத்துக்கொள்கின்றன. மேல்நோக்கிப் பார்த்தால் எல்லா மணிகளும் ஒரே முகம் காட்டுகின்றன. பக்கவாட்டில் மட்டும் ஆளுக்கொரு கோணத்தில் திரும்பியிருக்கின்றன. சந்தையில் கொட்டிய தட்டுகள் எல்லாம் நிமிர்ந்து படுத்திருந்தாலும், அவற்றின் பூ வேலைப்பாடு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்ப்பதைப் போன்றது இது.

இரண்டாவது காரணம், போட்டி. ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் வான் டெர் டிரிஃப்ட் இதை விளக்கிக் கட்டுரை எழுதிய ஆண்டு 1967. ஃபாரடே மறைந்து சரியாக 100 ஆண்டுகள். படிகம் எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. வேகமாக வளரும் திசை எந்த மணியில் நேர்மேலே நோக்கி அமைந்திருக்கிறதோ, அந்த மணி உயர்ந்து செல்கிறது. சாய்ந்து வளரும் மணிகள் அண்டை மணியின் பக்கச் சுவரில் முட்டி, அதன் நிழலில் புதைந்து நின்றுவிடுகின்றன. நெருக்கி நட்ட தோப்பில் நேராக எழும் மரங்களே வானத்தைப் பிடிப்பதைப்போல, படலம் தடிக்கத் தடிக்க மேற்பரப்பில் மிஞ்சுவோர் எல்லாரும் ஒரே திசையினராக ஆகிவிடுகின்றனர். யாரும் கட்டளையிடவில்லை; தொடக்கத்தில் ஒழுங்கும் இல்லை. ஆனால், வளர்ச்சியே ஒழுங்கைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது.

மூன்றாவது காரணம், வெப்பம். அடித்தளம் குளிர்ந்திருந்தால் அணுக்கள் விழுந்த இடத்திலேயே உறைந்துவிடும். சற்றுச் சூடாக இருந்தால் மேற்பரப்பில் நகர்ந்து, மேற்சொன்ன போட்டி நடக்கும். மேலும் சூடானால் மணிகளுக்கு இடையிலான எல்லைகளே நகரத் தொடங்கும். குறைந்த ஆற்றலுடைய மணி, அண்டை மணிகளை விழுங்கிப் பெருக்கும். படலம் மிக மெலிதாக இருந்தால் மேற்பரப்பு ஆற்றல் வெற்றியாளரைத் தீர்மானிக்கும். தடித்த படலத்தில், உள்ளே தேங்கிய விறைப்பு வேறொரு திசையை வெல்லவைக்கக்கூடும். இன்னும் சூடேற்றினால், பொன்னுக்குக் கண்ணாடியோடு ஒட்டுறவு குறைவாதலால், படலம் ஆங்காங்கே கிழிந்து, தாமரை இலைத் தண்ணீர்போல் தனித்தனித் தீவுகளாகத் திரளும். ஃபாரடேயின் பச்சை மறைந்ததன் பொருள் இதுதான். தீவுகளுக்கு இடையே வெற்றுக் கண்ணாடி தெரிந்தது. ஒளி தடையின்றி வந்தது. அகேட் கல் அந்தத் தீவுகளை நசுக்கி மீண்டும் பரப்பியது, பச்சை திரும்பியது. அவருடைய ஐயம் சரியான பக்கமே சாய்ந்திருந்தது.

இந்த விடைகள் ஒரே நாளில் வந்தவையல்ல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பெய்ல்பி சூடேற்றிய படலங்களை மீண்டும் ஆராய்ந்தார். 1912-இல் எக்ஸ் கதிர்கள் படிகத்தின் உள்வரிசையைக் காட்டத் தொடங்கின. 1927-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜி.பி. தாம்சன் உலோக மென்படலங்களின் ஊடே எலெக்ட்ரான்களைச் செலுத்தி, அவையும் அலைகளே என்று காட்டினார். அவர் பயன்படுத்திய உலோகங்களில் பொன்னும் ஒன்று. மணிகள் திக்குக்கு ஒன்றாக இருந்தால் திரையில் முழு வளையங்கள் தோன்றும். திசையொழுங்கு இருந்தால் வளையம் உடைந்து வில் துண்டுகளாகும். ஃபாரடே பார்க்க ஏங்கியது, அந்த ஒளிப்படத் தகட்டில் பதிந்தது.

இதனால் என்ன பயன் என்று வாசகர் கேட்கலாம். கணிப்பொறிச் சில்லுகளில் நெடுங்காலம் பயன்பட்ட அலுமினியக் கம்பிகள் மயிரிழையைவிடப் பன்மடங்கு மெலிந்தவை. பாயும் மின்னோட்டமே அணுக்களைத் தள்ளித் தள்ளிக் கம்பியை அறுத்துவிடும். நெருக்கமான தளம் மேலே பார்க்கும்படி மணிகள் ஒழுங்காக அமைந்தால், அந்தக் கம்பி கூடுதல் காலம் தாங்குகிறது. வன்தட்டு நினைவகங்களில் காந்த மணிகள் தட்டுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். நின்றால்தான் சிறிய இடத்தில் அதிகத் தகவலைப் பதியலாம். கைப்பேசியில் நம் அழைப்பை மற்றவர் அழைப்பிலிருந்து பிரித்தெடுக்கும் வடிகட்டிகளில் அலுமினியம் நைட்ரைடு படலம் உள்ளது. அதன் மணிகள் எல்லாம் ஒரே அச்சில் நிமிர்ந்து நின்றால் மட்டுமே அது மின்துடிப்புக்கு ஏற்ப அதிரும். கலைந்து கிடந்தால் ஒன்றின் அதிர்வை மற்றொன்று அழித்துவிடும். பிஸ்மத் கட்டியில் ஃபாரடே கண்ட அதே கணக்கு. மின்னிழப்பில்லாத மீக்கடத்தி நாடாக்களுக்கு இன்னும் கடுமையான ஒழுங்கு வேண்டும். பக்கவாட்டிலும் மணிகள் ஒரே திசையில் நிற்க வேண்டும். படலம் வளரும்போதே சாய்வாக அயனிக் கற்றையைப் பாய்ச்சி, அந்தக் கற்றைக்கு இசைந்த மணிகளை மட்டும் பிழைக்கவிட்டு, ஒழுங்கற்ற அடித்தளத்தின்மேலேயே அதைச் சாதிக்கிறார்கள்.

1857-இல் இவற்றில் எதையும் யாரும் கனவு கண்டிருக்க முடியாது. ஃபாரடேயும் காணவில்லை. அந்த ஆண்டுகளில் அவர் எதை இழந்துகொண்டிருந்தார் என்பதையும் நாம் நினைக்க வேண்டும். 1839-இன் இறுதியிலேயே தலைச்சுற்றலும் மறதியும் அவரை வீழ்த்தின. 1841-இல் மனைவி சாராவுடன் சுவிட்சர்லாந்து சென்று ஓய்வெடுத்தார். மீண்டும் எழுந்து ஒளி, காந்தம் பற்றிய பெரும் கண்டுபிடிப்புகளைச் செய்தார். ஆனால், மறதி விடவில்லை. தாம் முன்பு செய்த சோதனையையே மறந்துவிடும் அச்சம் உள்ள ஒருவர் என்ன செய்வார்? எழுதிவைப்பார். அவருடைய ஆய்வுக்கூட நாட்குறிப்பில் எண்ணிட்ட பத்திகள் 16,000-க்கும் மேல். பொன் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளை நூற்றுக்கணக்கில் பத்திரப்படுத்தினார். மறந்துபோகும் மூளைக்கு மாற்றாகத் தாளையும் கண்ணாடியையும் வைத்துக்கொண்டார் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அந்தப் பழக்கம் இல்லாதிருந்தால், விடை காணாத அந்தச் சோதனைகள் நமக்கு வந்து சேர்ந்திருக்கமாட்டா.

புகழுக்கும் பதவிக்கும் அவர் மயங்கவில்லை. ராயல் சொசைட்டியின் தலைமைப் பொறுப்பை இருமுறை மறுத்தார். சர் பட்டத்தையும் ஏற்கவில்லை. 1860-61 கிறிஸ்துமஸ் காலத்தில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துச் சிறுவர்களுக்கு வேதியியலின் கதையைச் சொன்னார். 1862-இல், சுடரின் ஒளிக்கோடுகளைக் காந்தப்புலம் மாற்றுமா என்று கடைசியாக ஒரு சோதனை செய்தார், மாற்றம் தெரியவில்லை. கருவியின் நுட்பம் போதவில்லை. 1896-இல் பீட்டர் ஸீமன் அந்த மாற்றத்தைக் கண்டார். நோபல் பரிசும் பெற்றார். 1867 ஆகஸ்டு 25 அன்று, அரசி விக்டோரியா வாழ்நாள் முழுவதற்கும் அளித்திருந்த ஹாம்ப்டன் கோர்ட் வீட்டில், நாற்காலியில் அமர்ந்தபடியே ஃபாரடே காலமானார். ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் எளிமையாக அடக்கம் செய்யப்பட்டார்.

இந்த வாழ்க்கையிலிருந்து இரண்டு செய்திகளை நான் எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, முடிவு காணாத ஆய்வின் மதிப்பு. இன்று ஓர் ஆய்வுக்கு நிதி கேட்டால், மூன்றாண்டில் என்ன பயன் விளையும் என்று கேட்கிறோம். 65 வயதில், நினைவு தடுமாறும் நிலையில், தங்க ரேக்கைச் சூடேற்றினால் ஏன் பச்சை மறைகிறது என்று அறிய விரும்பும் ஒருவருக்கு எந்தக் குழு பணம் ஒதுக்கும்? பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது நியாயமே. எல்லா ஆர்வமும் அறிவியலாகிவிடாது என்பதும் உண்மையே. ஆயினும், கணக்குக் கேட்கும் முறை, கண்டதை நேர்மையாக எழுதிவைத்த ஆய்வையும் கவனக்குறைவான ஆய்வையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. எதிர்பார்த்த விளைவு கிடைக்காத சோதனையை வெளியிடத் தயங்கும் இன்றைய ஆய்வுலகமும், அதை வெளியிட மறுக்கும் இதழ்களும் 1857-ஆம் ஆண்டின் அந்தக் கட்டுரையை ஒருமுறை படிக்க வேண்டும்.

இரண்டாவது, அடித்தளம் பற்றியது. கருமானின் மகனுக்குப் பல்கலைக்கழகம் இல்லை. கணிதப் பயிற்சி இல்லை. வழிகாட்டும் குடும்ப மரபும் இல்லை. அச்சு வைத்துக் கொடுக்காத தளத்தில் வளர்ந்தவர் அவர். அதனால், தன்முயற்சி ஒன்றே போதும் என்று சிலர் முடிவுகட்டுவர். அதை நான் ஏற்கவில்லை. கண்ணாடிமேல் படிகம் ஒழுங்குபெறுவதற்குக்கூடத் தக்க வெப்பம் வேண்டும். அணு நகர்ந்து தனக்குரிய இடத்தைத் தேட அவகாசம் வேண்டும். ரீபோவின் கடையில் படிக்க அனுமதி கிடைத்தது. ஒரு வாடிக்கையாளரின் கையிலிருந்து நுழைவுச் சீட்டு வந்தது. டேவியின் கதவு திறந்தது. இவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் லண்டனில் கைத்திறன் மிக்க ஒரு புத்தகம் கட்டுநர் மட்டுமே இருந்திருப்பார். குளிர்ந்த தளத்தில் விழுந்த அணுவைப்போல, விழுந்த இடத்திலேயே உறைந்துபோகும் பிள்ளைகள் எக்காலத்திலும் உண்டு. அவர்களுக்கு நூலகத்தையும் ஆய்வுக்கூடத்தையும் திறந்துவைப்பதே சமூகம் தரக்கூடிய வெப்பம்.